விசை தொலையும் இடம்

பழைய ஆங்கிலக் கடிகாரங்களில் ஆளுயர மரப்பெட்டியோடு தரையில் நிற்கும் வகை ஒன்று உண்டு. அதில் நேரத்தை ஓட்டுவது ஓர் எடைக்குண்டு, ஏறத்தாழ 5.4 கிலோ. சாவி கொடுத்து மேலே ஏற்றிவிட்டால் 8 நாளில் சுமார் 1.5 மீட்டர் இறங்கும். அந்த இறக்கத்தில் கடிகாரத்துக்குக் கிடைக்கும் ஆற்றல் மொத்தமே 80 ஜூல்தான். நம் வீட்டு 10 வாட் எல்.இ.டி பல்பு அதை 8 வினாடியில் தீர்த்துவிடும். கடிகாரம் அதே 80 ஜூலை வைத்துக்கொண்டு 8 நாள் இரவும் பகலும் ஓடுகிறது. பழைய கடிகாரத்தைப் பழுதுபார்க்கத் தானாகவே கற்றுக்கொள்ள வருகிறவர், திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு இது. இவ்வளவு குறைந்த ஆற்றலில் ஓடும் இயந்திரத்தில் கொஞ்சம் விசை வழியில் தொலைந்தாலே பெண்டுலம் நின்றுவிடும். நின்றுபோன கடிகாரங்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் எதுவுமே உடைந்திருக்காது.

“சாவி முழுசாக் கொடுத்தாலும் மூணு நாள்தான் ஓடுது” என்பதுதான் அதிகம் காதில் விழும் புகார். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, வேறு போட்டால் சரியாகிவிடும் என்று பலர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இன்னும் தடிமனான ஸ்பிரிங்கைப் போட்டுக் கடிகாரத்தை ஓட வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஓடத்தான் செய்யும். ஆனால் தேய்ந்த இடங்களில் அழுத்தம் கூடி, பத்து வருடத்தில் தேய வேண்டியது இரண்டு வருடத்தில் தேயும். விசை போதவில்லை என்றால் அது எங்கே போகிறது என்று தேட வேண்டும்; மேலும் விசையை ஊற்றக் கூடாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தத் தேடலைப் பற்றித்தான்.

தேடுவதற்கு ஒரு கடிகாரம் வேண்டும். 1920, 30களில் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் செய்யப்பட்ட, மேசைமேல் வைக்கும், வெஸ்ட்மின்ஸ்டர் இசை வாசிக்கும் கடிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஷ்ராம்பெர்க்கில் யுங்ஹான்ஸ், ஷ்வென்னிங்கனில் கீன்ஸ்லே, மவுத்தே என்று பெரிய ஆலைகள் இருந்த காலம். டயலில் மூன்று சாவித் துளைகள் இருக்கும். நடுவில் இருப்பது நேரத்துக்கு. இடப்புறம் இருப்பது மணி அடிப்பதற்கு. வலப்புறம் இருப்பது கால் மணிக்கு ஒருமுறை வரும் இசைக்கு. உள்ளே இரண்டு பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே மூன்று தனித்தனிச் சக்கர வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங்.

அந்த இசையை நம் சுரத்தில் எழுதிப் பார்த்தால் இயந்திரம் பாதி புரிந்துவிடும். நான்கே சுரங்கள்: ஸ, சதுச்ருதி ரி, அந்தர க, கீழ்ஸ்தாயி ப. அவற்றைக் கொண்டு ஐந்து வரிகள். முதல் வரி க ரி ஸ ப. இரண்டாவது ஸ க ரி ப. மூன்றாவது ஸ ரி க ஸ. நான்காவது க ஸ ரி ப. ஐந்தாவது ப ரி க ஸ. கால் மணிக்கு முதல் வரி மட்டும். அரை மணிக்கு 2, 3. முக்கால் மணிக்கு 4, 5, மறுபடி 1. முழு மணிக்கு 2, 3, 4, 5. காலும் முக்காலும் பஞ்சமத்தில் தொங்கி நிற்கின்றன. அரை மணியும் முழு மணியும் ஸட்ஜத்தில் வந்து அமர்கின்றன. வரிகளின் எண்ணிக்கையோடு இதையும் சேர்த்தால் கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கால் மணி என்று சொல்லிவிடலாம். 1793இல் கேம்பிரிட்ஜின் கிரேட் செயின்ட் மேரிஸ் தேவாலயத்துக்காக உருவான இசை இது. 1859இல் லண்டன் நாடாளுமன்றக் கோபுரம் எடுத்துக்கொண்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

வரிகளின் வரிசையை மறுபடி பாருங்கள்: 1, 2, 3, 4, 5, 1, 2, 3, 4, 5. ஒரு மணி நேரத்தில் பத்து வரி. ஆனால் அது ஐந்து வரியின் இரண்டு சுற்று. ஆகவே சுத்தியல்களைத் தூக்கும் உருளையில் ஐந்து வரிக்கு மட்டும் முட்கள் இருந்தால் போதும். மணிக்கு இரண்டு முறை சுற்றினால் வேலை முடிந்தது. எனக்குத் தெரிந்த இயந்திரங்களிலேயே இவ்வளவு சிக்கனமான நிரலை நான் பார்த்ததில்லை. ஒரு மணிக்கு 40 அடி, ஒரு நாளைக்கு 960, எட்டு நாளுக்கு 7,680. நேர மணி அடிப்பதற்கு அதே எட்டு நாளில் 1,248 அடிதான். மூன்று ஸ்பிரிங்குகளில் இசைக்கானது வலுவாக இருப்பதும், அந்தப் பக்கத்துத் துளைகளே முதலில் தேய்வதும் இந்தக் கணக்கால்தான்.

தனியாகக் கற்பவருக்கு இந்தத் துறையில் நல்ல முன்னோர் இருக்கிறார். கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க உதவிய கடிகாரங்களைச் செய்த ஜான் ஹாரிசன் ஒரு தச்சரின் மகன். எந்தக் கடிகாரக்காரரிடமும் தொழில் பழகியவர் இல்லை. இயந்திரவியல் பற்றிச் சான்டர்சன் என்பவர் ஆற்றிய சொற்பொழிவுகளின் பிரதி ஒன்று இரவலாகக் கிடைத்தது. அதை வரைபடங்களோடு கையால் படியெடுத்துப் படித்தார். 1722 வாக்கில் பிராக்கிள்ஸ்பி பார்க் மாளிகைக்கு அவர் செய்த கோபுரக் கடிகாரம் பெரும்பகுதி மரம். அச்சு சுழலும் இடங்களில் எண்ணெய்ப் பசை தானே ஊறும் ஒரு மரத்தைப் பொருத்தினார். அதனால் அதற்கு எண்ணெயே தேவைப்படவில்லை. உராய்வைத்தான் அவர் முதல் எதிரியாகப் பார்த்தார் என்பது அந்த ஒரு முடிவிலேயே தெரிகிறது.

இப்போது மெஷினைப் பெட்டியிலிருந்து கழற்றலாம். ஆனால் தட்டுகளைப் பிரிப்பதற்கு முன் மூன்று ஸ்பிரிங்குகளையும் தளர்த்தியே ஆக வேண்டும். இதில் சமரசமே கிடையாது. முறுக்கேறிய ஸ்பிரிங்கோடு தட்டைப் பிரித்தால் பற்கள் நொறுங்கும், தண்டு வளையும், விரல் கிழியும். உருண்டையான மரப்பிடி போட்ட தளர்த்தும் சாவி விற்கிறது. அதைச் சதுரத் தண்டில் மாட்டி இறுகப் பிடித்து, ஸ்பிரிங்கைத் தடுத்து நிற்கும் சிறு நாக்கை விலக்கி, பிடியை உள்ளங்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்க விட வேண்டும். ஸ்பிரிங் நின்றுவிட்டது என்று தோன்றிய பிறகும் இன்னொரு முறை சோதியுங்கள். நின்றுபோன கடிகாரத்தில் முறுக்கு இருக்காது என்ற நினைப்பு ஆபத்தானது. முழு முறுக்கோடு நின்றவையே அதிகம்.

தட்டைப் பிரிக்காமலேயே செய்ய வேண்டிய முதல் சோதனை ஒன்று உண்டு. அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மேலே சொன்ன ஆளுயரக் கடிகாரத்தில், குண்டு தொங்கும் உருளை 12 மணிக்கு ஒரு சுற்று சுற்றும். அதே வரிசையின் மறுகோடியில் இருக்கும் எஸ்கேப் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று. வேகம் 720 மடங்கு ஏறுகிறது. ஆகவே திருப்புவிசை 720இல் ஒரு பங்காக இறங்குகிறது. இது உராய்வே இல்லாத கணக்கு. கடைசிச் சக்கரத்தில் ஒட்டிய ஒரு துளி பிசுக்கு, முதல் சக்கரத்தில் 720 மடங்கு விசையைக் கேட்கும். கீழே முதல் சக்கரத்தில் தேய்மானம் பெரிதாகத் தெரியும். மேலே கடைசிச் சக்கரத்தில் தேய்மானம் சின்னதாகத் தெரியும். கடிகாரத்தை நிறுத்துவது பெரும்பாலும் மேலே இருப்பது.

சோதனை இதுதான். ஸ்பிரிங் தளர்ந்த மெஷினை நல்ல வெளிச்சத்தில் வைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பெரிய பல்சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். பார்வை சக்கரத்தின் மேல் இருக்கக் கூடாது. தட்டின் துளைக்குள் தெரியும் தண்டின் முனைமேல் இருக்க வேண்டும். நல்ல துளையில் முனை நின்ற இடத்திலேயே சுழலும். தேய்ந்த துளையில் அது சுழலுமுன் ஒரு பக்கமாகத் தாவும். விரலைப் பின்னால் இழுத்தால் எதிர்ப்பக்கம் தாவும். தாவும்போது துளையின் ஓரத்தில் கருப்பு எண்ணெய் பிதுங்கி வெளிவந்து மறுபடி உள்ளே போகும். அந்தக் கருப்பில் இருப்பது பித்தளைத் தூளும் எஃகுத் தூளும்தான். ஒவ்வொரு துளையாகப் பார்த்து, தாவும் திசையை அம்புக்குறி போட்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விசை தொலையும் இடங்களின் வரைபடம் கையில் வந்துவிடும்.

ஊஞ்சல் சங்கிலி மாட்டிய வளையம் எந்தப் பக்கம் பாரம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் தேய்வது போல, இந்தத் துளைகளும் ஒரே பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவம் கொள்கின்றன. முந்தைய சக்கரம் தள்ளும் திசையிலேயே தேய்மானம் இருக்கும். விளைவு துளையோடு நிற்காது. தண்டு நகர்ந்துவிட்டதால் இரண்டு சக்கரங்களின் பற்கள் கடிக்கும் ஆழம் மாறுகிறது. பல் பல்லின்மேல் சீராக உருளாமல் நுனியால் உரசும். இழப்பின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: பித்தளை மென்மையானது, எஃகு கடினமானது, ஆனாலும் எஃகு முனையில்தான் ஆழமான கோடுகள் விழுந்திருக்கும். தூசியிலுள்ள கடினத் துகள்கள் மென்மையான பித்தளையில் புதைந்துகொண்டு, அதை ஓர் அரமாக மாற்றிவிடுகின்றன. ஆகவே துளையை மட்டும் சரிசெய்தால் போதாது. முனையையும் வழுவழுப்பாக்க வேண்டும். கோடு விழுந்த முனை புதுத் துளையையும் தின்னும்.

தேய்ந்த துளைக்கு மருந்து புஷ் போடுவது. துளையை ரீமரால் பெரிதாக்கி, நடுவில் துளையுள்ள சிறு பித்தளை வளையத்தை அழுத்தி இறக்குவார்கள். கேட்க எளிது. சிக்கல் மையத்தில் இருக்கிறது: முட்டை வடிவத் துளையில் ரீமரை விட்டால் அது தேய்ந்த பக்கமாகவே ஓடும், புதுத் துளையும் தப்பான இடத்திலேயே அமையும். முதலில் தேயாத எதிர்ப்பக்கத்தை வட்ட அரத்தால் அதே அளவு ராவி, மையத்தை ஆலை வைத்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பொருத்திய பிறகு தண்டு லேசாகச் சாயும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். கச்சிதமாகப் பிடித்தால் அதுவும் உராய்வுதான். பழைய மெஷின்கள் பலவற்றில் துளையைச் சுற்றி ஆணியால் குத்திய வடுக்களைப் பார்க்கலாம். உலோகத்தை நெருக்கித் துளையைச் சின்னதாக்கும் குறுக்குவழி அது. சில மாதம் ஓடும்; தட்டு நிரந்தரமாகக் கெடும். நூறு வயதான பொருளுக்குச் செய்யத் தகாத காரியம் என்றே நினைக்கிறேன்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் கொடுமை தனி. கடிகாரம் முனகினால் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். மார்கழியில் கடிகாரம் நிற்கும். நாளடைவில் காற்றோடு சேர்ந்து பிசினாகவும் ஆகும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைத்துத் துளைக்குள் இறக்கிவிட்டு ஆவியாகிவிடும். துளையைச் சுற்றித் தட்டில் ஒரு குழி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஊசிமுனையால் வைக்கும் ஒரு சிறு துளி, பரப்பு இழுவிசையால் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் நிற்கும். துளி பெரிதானால் தட்டின் மேல் வழியும். வழியத் தொடங்கியதும் துளைக்குள் இருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதிகமாக எண்ணெய் விட்ட துளை வறண்டுபோவது இப்படித்தான். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசியைப் பிடித்து வைக்கத்தான் அது உதவும்.

கழுவுவதற்கு அமோனியா கலந்த கரைசலைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். பித்தளை பளிச்சென்று ஆகும். அளவோடு இருக்க வேண்டும் என்பதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. சுடவுமில்லை, கீழே போடவுமில்லை. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அமோனியாவும், ஈரமும், உறையை அழுத்தி வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. கடிகாரத்திலும் இறுக்கிப் பொருத்திய பித்தளை வளையங்கள் ஏராளம். சில நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, மிதமான சூட்டில் உடனே உலர்த்துங்கள். இரவு முழுக்க ஊறப்போடாதீர்கள்.

திரும்பப் பூட்டுவதுதான் புதியவரின் உண்மையான சோதனை. நேரச் சக்கரங்களை எப்படி வைத்தாலும் ஓடும். இசைக்கும் மணிக்கும் உரிய சக்கரங்கள் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் மற்றதற்குச் சரியான கோணத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கால் மணிக்கும் சில நிமிடம் முன்பு மெஷினுக்குள் ஒரு ‘டக்’ கேட்கும். பூட்டு விலகி, வரிசையில் ஒரு சக்கரத்திலுள்ள சிறு முள் அரைச் சுற்று ஓடி, ஒரு தடையில் முட்டிக் காத்து நிற்கிறது. பெரிய முள் சரியாகக் கால் மணியைத் தொட்டதும் தடை விழும், இசை புறப்படும். மெல்ல நகரும் முள்ளிலிருந்து துல்லியமான தொடக்கத்தைப் பெற இப்படி ஓர் ஏற்பாடு. பூட்டும்போது சக்கரத்தின் அந்தச் சிறு முள்ளுக்கு ஓட அரைச் சுற்று இடம் விடாவிட்டால், இசை முன்னதாகவே புறப்படும் அல்லது புறப்படவே புறப்படாது. பிரிக்கும்போதே ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து வையுங்கள். இசை முடிந்து எல்லாம் பூட்டி நிற்கும் நிலையில் எடுப்பது நல்லது.

கால் மணிகளை எண்ணுவது விளிம்பில் பள்ளங்கள் உள்ள ஒரு வட்டு. பள்ளங்களுக்கு இடையே நீளம் 1, 2, 3, 4 என்று ஏறும். இந்த வட்டுக்கு நேரம் தெரியாது. முன்பு எந்த இடத்தில் நின்றதோ அதற்கு அடுத்ததை வாசிக்கும். ஆகவே முள்ளோடு ஒத்துப்போகாமல் விலகிப்போவது எளிது. நல்ல மெஷின்களில் அதற்கு மாற்று உண்டு. முக்கால் மணி இசை முடிந்ததும் கூடுதலாக ஒரு பூட்டு விழும். பெரிய முள்ளோடு சுற்றும் நட்சத்திரத் துண்டின் நான்கு முனைகளில் முழு மணிக்குரியது மட்டும் கொஞ்சம் உயரம். அந்த உயரம்தான் அந்தப் பூட்டைத் திறக்கும். வரிசை தப்பினால் இசை வாயடைத்துக் காத்திருந்து, முழு மணியில் சேர்ந்துகொள்ளும். பழுதுபார்த்தபின் ஒரு மணி நேரம் கடிகாரம் பேசாமல் இருந்தால் பதறி மறுபடி பிரிக்க வேண்டாம்.

மணி எண்ணிக்கையை வேறு உறுப்பு பார்த்துக்கொள்கிறது. சின்ன முள்ளோடு சுற்றும் பன்னிரண்டு படி வைத்த சுருள் வட்டின்மேல் ஒரு நெம்புகோல் விழும். எவ்வளவு ஆழம் விழுந்ததோ அத்தனை அடி. 1676இல் எட்வர்ட் பார்லோ கண்ட உத்தி. படியை நேராகத் தொட்டுப் பார்த்து அடிப்பதால் இதற்கு வரிசை தப்பாது.

இசையின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது வரிசையின் கடைசியில் சுழலும் சிறு தகட்டு விசிறி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். ஆகவே விசிறிக்கு வரும் விசை பாதியானாலும் அதன் வேகம் பாதியாவதில்லை. பத்துக்கு ஏழு என்ற அளவில் நிற்கும். இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். உங்கள் கடிகாரத்தின் இசை காதுக்கே தெரியும் அளவு இழுத்து இழுத்து வருகிறது என்றால், விசையில் பெரும்பங்கு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். விசிறியைத் திருகிப் பயனில்லை, துளைகளுக்குத் திரும்பிப் போங்கள்.

ஒலி எழுவது இரும்புக் கட்டையில் ஒரு முனை இறுக்கிய உலோகக் கம்பிகளில். ஒரு முனை கட்டிய கம்பியின் அதிர்வெண் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதம்: நீளத்தில் 1 சதவீதம் குறைந்தால் சுருதி 2 சதவீதம் ஏறும். பக்கத்துப் பக்கத்து சுரத்தானங்களுக்கு இடையே சுமார் 6 சதவீதம்தான். உடைந்த கம்பிக்கு மாற்று வெட்டும்போது கொஞ்சம் நீளமாகவே வெட்டி, அரத்தால் ராவி ராவிச் சுருதிக்கு வாருங்கள். சுத்தியலின் தோல் முகம் வருடக்கணக்கில் காய்ந்து கல்லாகியிருக்கும். கடினமான முகம் கம்பியைத் தொட்டு நிற்கும் நேரம் குறைவு. அதனால் மேல் அதிர்வுகள் தூக்கலாகக் கிளம்பி ஓசை தகரம் போல வரும். தோலை மாற்றினால் அந்தக் காலத்துக் குரல் திரும்பும். ஓய்வில் சுத்தியல் கம்பியைத் தொடாமல் இரண்டொரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும்.

இனி நேரம். முதலில் ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் இடைவெளி சமமா என்று கேளுங்கள். நொண்டினால் பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியைக் கொஞ்சம் வளைத்துச் சமன் செய்ய வேண்டும். எத்தனையோ கடிகாரங்கள் இது ஒன்றுக்காகவே நின்றிருக்கின்றன. பிறகு பெண்டுலத்தின் நீளம். ஆளுயரக் கடிகாரத்தின் 99.4 சென்டிமீட்டர் பெண்டுலத்தில் 1 மில்லிமீட்டர் மாற்றம் நாளைக்கு 43 வினாடி. மேசைக் கடிகாரத்தின் 15 சென்டிமீட்டர் பெண்டுலத்தில் அதே 1 மில்லிமீட்டர் ஏறத்தாழ 5 நிமிடம். அதனால் குட்டைப் பெண்டுலத்தின் மரையை ஒரு நாளைக்கு ஒரு தடவை, கால் திருகலுக்கு மேல் போகாமல் தொடுங்கள்.

இந்த நீளத்துக்குப் பின்னால் பூமியும் இருக்கிறது. 1672இல் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிசில் சரியாக ஓடிய பெண்டுலக் கடிகாரம் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். சரிசெய்யப் பெண்டுலத்தைக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது; பூமி நடுவில் புடைத்தது என்ற வாதத்துக்கு அந்தக் கடிகாரம் சாட்சியானது. லண்டனில் சரிபார்த்து அனுப்பிய ஆளுயரக் கடிகாரம் சென்னையில் நாளுக்கு 2 நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். நம் ஊர் வெயில் அதற்கு மேல்: எஃகுத் தண்டு 10 டிகிரிக்கு நாளுக்கு 5 வினாடி இழக்கும்.

எல்லாம் பூட்டியதும் மெஷினை உடனே பெட்டியில் வைக்க வேண்டாம். மரச்சட்டம் ஒன்றில் நிறுத்தி, ஒரே ஒரு முறை முழுச் சாவி கொடுத்து, எட்டு நாள் ஓட விடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பெண்டுலத்தின் வீச்சையும் நேரப் பிசகையும் எழுதி வையுங்கள். ஸ்பிரிங் தளரத் தளர வீச்சு குறையும். பக்கத்துக்கு 4 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு இறங்கினால் பெண்டுலத்தின் இயல்பாலேயே நாளுக்கு 20 வினாடி வரை வேகம் கூடும். அந்த அளவுக்கு அஞ்ச வேண்டாம். ஐந்தாம் நாளில் வீச்சு சட்டென்று விழுந்தால்தான் இன்னும் ஒரு துளை எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். எட்டாம் நாள் முழு மணிக்கு நான்கு வரியும் வேகம் தளராமல் ஸட்ஜத்துக்கு வந்து சேர்ந்தால், மெஷினைப் பெட்டிக்குள் இறக்கித் திருகலாம்.